சிங்கப்பூரில் இருந்து பார்த்தால் கடை எப்படித் தெரியும்?

காரைக்குடியில் பலகாரக் கடை வைத்திருக்கும் ஆச்சி ஒருவருக்கு இணையதளம் செய்து கொடுத்திருந்தேன். சீப்புச் சீடை, மணகோலம், தேன்குழல், அதிரசம். உள்ளூரில் விற்பதை விட சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் போகும் பார்சல்தான் அவருக்கு வருமானம். தளத்துக்கு வருகிறவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்பதை ஐபி முகவரியை (இணையத்தில் அவர் இணைப்புக்கு உள்ள எண்ணை) வைத்துக் கண்டுபிடித்து, அந்த நாட்டுக்கான பார்சல் கட்டணத்தைத் தானாகவே காட்டும்படி எழுதியிருந்தேன். கெட்டிக்காரத்தனம் என்றுதான் அப்போது நினைத்தேன்.

ஒருநாள் ஆச்சியின் சம்பந்தி சிங்கப்பூரில் இருந்து பேசினார். "உங்க கடையில இந்தியாவுக்குள்ள மட்டும்தான் அனுப்புவோம்னு வருதே?" திரையைப் படம் பிடித்தும் அனுப்பியிருந்தார். அவர் சொன்னபடிதான் இருந்தது. என் கணினியில் எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது என்று நான் சொல்ல வாயெடுப்பதற்குள் ஆச்சி முந்திக்கொண்டார்: "நீ இங்க உக்காந்து பார்த்தா நல்லாத்தான் தெரியும் தம்பி. அங்க இருந்து பாரு."

அங்கே இருந்து பார்ப்பதற்கென்றே இருக்கிற சாதனம் ப்ராக்ஸி சர்வர். இந்த ஊரில் அதை விளக்குவது சுலபம். அந்தக் காலத்தில் கடல் கடந்து வட்டிக்கடை நடத்திய செட்டியார் முதலாளி இங்கே ஊரில் இருப்பார். ரங்கூனிலோ பினாங்கிலோ கிட்டங்கி என்ற கடைக்கூடத்தில் அவருடைய ஆளான மேலாள் பெட்டியடியில் உட்கார்ந்து கொடுக்கல் வாங்கலைப் பார்ப்பார். மூன்று வருஷம் ஒரு கணக்கு. ஊரில் இருந்து கடிதத்தில் வருவதை மேலாள் அங்கே நடத்திக் காட்டுவார். கடன் வாங்க வருகிறவருக்குத் தெரிவதெல்லாம் மேலாளின் முகமும், விலாசம் என்று சொல்லும் கடையின் பெயரெழுத்துகளும்தான். ப்ராக்ஸியும் அப்படித்தான். நான் கேட்பதை அது வாங்கிக்கொண்டு, தன் ஐபி முகவரியில் இருந்து அந்தத் தளத்திடம் கேட்டு, பதிலை எனக்குத் திருப்பித் தரும். தளத்துக்கு என்னைத் தெரியாது, மேலாளைத்தான் தெரியும்.

அப்படியென்றால் எந்த ஊர் மேலாள் வேண்டும் என்று எப்படிச் சொல்வது? அதற்குத்தான் ப்ராக்ஸி விற்கும் நிறுவனங்கள் ஏபிஐ, அதாவது நம் நிரல் அவர்கள் நிரலிடம் கேட்பதற்கான வழி, வைத்திருக்கின்றன. இரண்டு வழிகள் நடைமுறையில் உண்டு. ஒன்று, ஏபிஐயிடம் 'இன்ன நாடு, இன்ன நகரம், இன்ன நெட்வொர்க்' என்று கேட்டு, அதற்குப் பொருந்தும் ப்ராக்ஸிகளின் பட்டியலை வாங்கிக்கொள்வது. சொந்தமாக நிலையான முகவரிகளை வாடகைக்கு எடுப்பவர்கள் இப்படிச் செய்வார்கள். இன்னொன்று, ஒரே ஒரு கேட்வே (நுழைவாயில்) முகவரியைக் கொடுத்துவிட்டு, தேர்வு முழுவதையும் பயனர் பெயருக்குள்ளேயே கோத்துவிடச் சொல்வது. 'கடை-கன்ட்ரி-எஸ்ஜி-செஷன்-17' என்று பயனர் பெயரை எழுதினால், சிங்கப்பூரில் ஓர் ஆளைப் பிடி, நான் 17 என்றே சொல்லிக்கொண்டிருக்கும்வரை அதே ஆளையே வைத்துக்கொள் என்று பொருள்.

பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும். ஆனால் அதன் பின்னால் ஒரு நல்ல யோசனை இருக்கிறது. பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் ப்ராக்ஸியைப் பழைய பிரவுசரில் இருந்து கட்டளைவரிக் கருவி வரை எல்லாவற்றுக்கும் தெரியும். புதிய ஏபிஐ எதையும் அவற்றுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டாம். தேர்வைப் பெயருக்குள் ஒளித்துவிட்டால் எந்தக் கருவியும் இடம் பார்த்துப் போகும். பெயரோ கடவுச்சொல்லோ தவறினால் 407 என்ற எண்ணோடு ப்ராக்ஸி கதவைச் சாத்திவிடும். அது தளம் தரும் பிழை அல்ல, ப்ராக்ஸி தருவது. தளமே மறுக்கும்போது வரும் 403-ஐயும் இந்த 407-ஐயும் குழப்பிக்கொண்டு ஒரு மதியம் முழுக்க வீணாக்கிய அனுபவம் எனக்கு உண்டு.

செஷன் எண்ணை அலட்சியம் செய்யக் கூடாது. அது இல்லாவிட்டால் ஒவ்வொரு கோரிக்கையும் வெவ்வேறு ஆள் வழியாகப் போகக்கூடும். சீடையைக் கூடையில் போட்டது ஒருவர், பணம் கட்ட வருவது வேறொருவர் என்று கடைக்குத் தோன்றும். பணப் பக்கம் சந்தேகப்பட்டு மறுத்தால் அதைக் குறை சொல்ல முடியாது.

நான் முதலில் ஒரு விளையாட்டுச் சோதனை செய்தேன். சிங்கப்பூருக்குப் போகும் முன், நம் ஊரையே கேட்டுப் பார்ப்போம் என்று நகரம் என்ற இடத்தில் காரைக்குடி என்று கொடுத்தேன். ஆள் இல்லை என்று பதில். செட்டிநாடு என்று கேட்கவே முடியாது. சிவகங்கை, புதுக்கோட்டை என்று இரண்டு மாவட்டங்களில் எழுபதுக்கும் மேற்பட்ட ஊர்களாகப் பரந்து கிடக்கும் பகுதிக்கு நிர்வாக வரைபடத்தில் தனிப் பெயர் ஏது? கானாடுகாத்தான் பக்கத்தில் செட்டிநாடு என்ற பெயரில் ஒரு ரயில் நிலையம் இருக்கிறது, அவ்வளவுதான். அப்புறம் திருச்சி என்று கேட்டேன். இல்லை. திருச்சிராப்பள்ளி என்று முழுப் பெயரையும் ஆங்கில எழுத்துக்கூட்டலில் கொடுத்ததும் வந்தது! பல ஏபிஐகளில் கிடைக்கும் இடங்களின் பட்டியலைத் தருவதற்கென்றே ஒரு தனி அழைப்பு இருக்கும். அதை முதலில் கூப்பிட்டு, அதில் உள்ள எழுத்துக்கூட்டலையே பயன்படுத்துவதுதான் முறை. நாட்டுக்கு இரண்டெழுத்துக் குறி உலகம் முழுக்க ஒன்றுதான், அதில் தொல்லை இல்லை. மாநிலம், நகரம் என்று இறங்க இறங்க ஒவ்வொரு நிறுவனமும் தன் இஷ்டத்துக்கு எழுதும்.

திருச்சி என்று வந்த அந்த முகவரி உண்மையிலேயே திருச்சியில் இருந்ததா? இங்கேதான் விஷயத்தின் மையம் இருக்கிறது. ஏபிஐயில் 'நகரம்' என்று எழுதும்போது நாம் ஓர் இடத்தைக் கேட்பதாக நினைக்கிறோம். உண்மையில் கேட்பது, ஏதோ ஒரு தரவுத்தளத்தில் அந்த நகரத்தின் பெயர் எழுதப்பட்டிருக்கும் ஐபி முகவரியை.

லேண்ட்லைன் காலத்தில் 04565 என்றால் காரைக்குடி, 04561 என்றால் தேவகோட்டை. அந்த எண் எக்ஸ்சேஞ்சோடு பிறந்தது, அந்த ஊரை விட்டு நகர முடியாது. ஐபி முகவரிக்கு அப்படி எஸ்டிடி குறியீடு எதுவும் கிடையாது. முகவரிகளை உலகில் ஐந்து வட்டாரப் பதிவகங்கள் பிரித்துக் கொடுக்கின்றன. நம் பக்கத்துக்கு ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் இருக்கும் ஏப்னிக். இந்தியாவுக்குள் அதன் கீழ் ஐஆர்ஐஎன்என். அவர்களிடம் இருக்கும் பதிவு, இந்த முகவரித் தொகுப்பு இன்ன நிறுவனத்துக்குக் கொடுக்கப்பட்டது, நாடு இந்தியா என்ற அளவில்தான் இருக்கும். கூடவே நிறுவனத்தின் அலுவலக முகவரி இருக்கும். அந்த முகவரி சென்னையாக இருந்தாலும், அதைப் பயன்படுத்துகிறவர் கண்டனூரில் இருக்கலாம்.

இதற்கு மேல் ஊர் பெயரை நிரப்புவது தனியார் தரவுத்தளங்கள். பதிவகக் குறிப்பு, பாதையில் வரும் ரவுட்டர்களின் பெயர், எத்தனை மில்லிசெகண்டில் பதில் வருகிறது என்ற கணக்கு, செயலிகள் தரும் ஜிபிஎஸ் விவரம் என்று பலவற்றைச் சேர்த்து ஊகிக்கிறார்கள். நெட்வொர்க் நடத்துகிறவர்களே 'இந்தத் தொகுப்பு இந்த ஊரில்' என்று ஒரு கோப்பாக எழுதி வெளியிடுவதும் உண்டு. அதற்கான வடிவத்தை 2020-இல் ஆர்எஃப்சி 8805 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணம் வரையறுத்தது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதுவும் சொன்னவர் சொல்லை நம்புவதுதான்.

ஊகம் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு கதை உண்டு. மேக்ஸ்மைண்ட் என்ற தரவுத்தள நிறுவனம், அமெரிக்கா என்பது மட்டும் தெரிந்து ஊர் தெரியாத முகவரிகளுக்கெல்லாம் நாட்டின் நடுப்புள்ளியாக முழு எண்ணில் ஓர் அட்சரேகை, தீர்க்கரேகையை வைத்திருந்தது. அந்தப் புள்ளி கான்சாஸில் பாட்வின் என்ற சிற்றூருக்கு அருகே ஒரு பண்ணை வீட்டில் போய் விழுந்தது. 60 கோடிக்கும் மேற்பட்ட முகவரிகள் அந்த வீட்டைக் காட்டின. மோசடிக்காரனைத் தேடியும் காணாமல் போனவர்களைத் தேடியும் போலீசும் கோபக்காரர்களும் வருஷக்கணக்கில் அந்த வீட்டுக் கதவைத் தட்டினார்கள். 2016-இல் செய்தி வெளிவந்த பிறகு அந்தப் புள்ளியை ஓர் ஏரிக்குள் நகர்த்தினார்கள்.

அது ஊகப் பிழை. தெரிந்தே செய்வதும் உண்டு. 2022 ஏப்ரல் 28-இல் இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் பிறப்பித்த உத்தரவின்படி, இந்தியாவில் விபிஎன் சேவை (நம் இணைப்பை வேறொரு சர்வர் வழியாக மறைத்து அனுப்புவது) நடத்துகிறவர்கள் வாடிக்கையாளர் விவரங்களை ஐந்து வருஷம் வைத்திருக்க வேண்டும். அதற்கு உடன்படாத எக்ஸ்பிரஸ்விபிஎன் அதே ஜூனில் இந்திய சர்வர்களை எடுத்துவிட்டு, இந்திய ஐபி முகவரிகளைச் சிங்கப்பூரிலும் பிரிட்டனிலும் உள்ள சர்வர்களில் வைத்துத் தரத் தொடங்கியது. தரவுத்தளம் இந்தியா என்கிறது, பெட்டி சிங்கப்பூரில் இருக்கிறது. இதைத் தவறு என்று சொல்ல மாட்டேன், வெளிப்படையாகச் சொல்லித்தான் செய்தார்கள். ஆனால் ஏபிஐயில் 'நாடு: இந்தியா' என்று எழுதும்போது எதை வாங்குகிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

போதாக்குறைக்கு முகவரிகள் இடம் மாறிக்கொண்டே இருக்கின்றன. பழைய ஐபிவி4 முறையில் மொத்தமே சுமார் 429 கோடி முகவரிகள். ஏப்னிக்கின் பொதுக் கையிருப்பு 2011 ஏப்ரலில் கடைசித் தொகுப்புக்கு வந்துவிட்டது. அதன்பின் முகவரிகள் மனை போலக் கைமாறுகின்றன. நேற்று ஐரோப்பாவில் இருந்த தொகுப்பு இன்று மும்பையில் இருக்கும். தரவுத்தளம் அதைக் கவனித்துத் திருத்தும்வரை பழைய ஊரையே சொல்லிக்கொண்டிருக்கும்.

மொபைலில் இது இன்னும் மோசம். காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் நின்று என் போனின் ஐபியைத் தேடினால் ஒரு தளம் சென்னை என்கிறது, இன்னொன்று பெங்களூரு என்கிறது. இரண்டுமே பொய் சொல்லவில்லை. போனில் இருந்து கிளம்பும் டேட்டா கோபுரத்தில் ஏறி, நிறுவனத்தின் உள் நெட்வொர்க்கிலேயே நெடுந்தூரம் போய், ஏதோ ஒரு பெருநகரத்துக் கேட்வேயில்தான் இணையத்தில் இறங்குகிறது. அங்கே நூற்றுக்கணக்கான போன்கள் ஒரே முகவரியைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. வளவு வீட்டில் எத்தனை புள்ளிகள் (குடும்பங்கள்) இருந்தாலும் தெருவுக்கு ஒரே வாசல் இருப்பது மாதிரி. மொபைல் ப்ராக்ஸிகளைத் தளங்கள் எளிதில் தடை செய்யாததற்கும் இதுதான் காரணம். ஒருவரைத் தடுக்கப் போனால் நூறு அப்பாவிகளும் சேர்ந்து மாட்டுவார்கள்.

ஊர் இப்படிச் சாய்ந்தாடும்போது, நெட்வொர்க் மட்டும் அசையாமல் நிற்கிறது. இணையம் என்பது தனித்தனி நெட்வொர்க்குகள் ஒன்றோடொன்று கோத்த கூட்டம். ஒவ்வொன்றுக்கும் ஏஎஸ் எண் என்று ஒன்று உண்டு. பிஎஸ்என்எல் 9829, ஜியோ 55836, கூகுள் 15169. 'இந்த முகவரித் தொகுப்புக்கு வழி என்னிடம் இருக்கிறது' என்று ஒவ்வொரு நெட்வொர்க்கும் தன் எண்ணோடு மற்றவர்களுக்கு அறிவித்துக்கொண்டே இருக்கும். அந்த அறிவிப்பு தவறினால் டேட்டா போய்ச் சேராது. ஆகவே ஒரு முகவரி எந்த நெட்வொர்க்கைச் சேர்ந்தது என்பது யாரோ ஊகித்து எழுதிய குறிப்பு அல்ல, டேட்டா ஓடுவதற்கே அதுதான் ஆதாரம். நாள்தோறும் உலகம் முழுக்கச் சரிபார்க்கப்படுகிற விஷயம். முன்பு கடைகளுக்கு இருந்த அந்த விலாச எழுத்துகள் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். கடை எந்தத் தெருவுக்கு மாறினாலும் அந்த எழுத்துகளைப் பார்த்தால் யாருடைய பணம் என்று தெரிந்துவிடும்.

நல்ல ப்ராக்ஸி ஏபிஐகள் ஏஎஸ் எண்ணாலும் தேர்ந்தெடுக்க விடும். அது தரும் நுணுக்கம் ஊர் பெயரில் கிடைக்காது. ஏர்டெல்லையே எடுத்துக்கொண்டால், வீட்டு பிராட்பேண்டுக்கு 24560, மொபைல் டேட்டாவுக்கு 45609 என்று தனித்தனி எண்கள். வீட்டில் வைஃபையில் பார்க்கிறவருக்கும் பஸ்ஸில் போனில் பார்க்கிறவருக்கும் ஒரு தளம் வேறு வேறாகத் தெரிகிறதா என்று சோதிக்க, இந்த இரண்டு எண்களை மாற்றிப் போட்டாலே போதும். முகவரி சர்வர்கள் குவிந்திருக்கும் ஒரு டேட்டா சென்டரில் இருக்கிறதா வீட்டில் இருக்கிறதா என்பதையும் தளங்கள் முக்கியமாக இந்த எண்ணை வைத்துத்தான் முடிவு செய்கின்றன. அமேசானின் 16509-இல் இருந்து வந்து 'நான் புதுவயலில் இருக்கும் குடும்பத் தலைவி' என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

ஆனால் நாடு, மாநிலம், நகரம், நெட்வொர்க் என்று எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கேட்கக் கூடாது. ஒவ்வொரு நிபந்தனையும் ஆட்களைச் சலித்துக்கொண்டே போகும். கடைசியில் ஒருவரும் மிஞ்ச மாட்டார். மிஞ்சாவிட்டால் பிழை தரும் நிறுவனம் நல்லது. சத்தமில்லாமல் நகரத்தை விட்டுவிட்டு நாட்டில் யாரையாவது பிடித்துக் கொடுக்கும் நிறுவனங்களும் உண்டு. மதுரை என்று நினைத்து ஜெய்ப்பூரை அளந்துகொண்டிருப்போம். அதனால் இணைந்ததும் முதல் வேலையாக, நம் ஐபி என்ன என்று திருப்பிச் சொல்லும் ஒரு சேவையை ப்ராக்ஸி வழியாகவே கூப்பிட வேண்டும். வந்த முகவரியை ரைப்ஸ்டாட் போன்ற பொதுக் கருவியில் போட்டு ஏஎஸ் எண்ணைப் பார்த்துக்கொண்டு மேலே போகலாம்.

இன்னொரு பொறி, பெயர்த் தேடல். சாக்ஸ்5 என்ற வகை ப்ராக்ஸியில், தளத்தின் பெயரை முகவரியாக மாற்றும் வேலையை என் கணினியும் செய்யலாம், ப்ராக்ஸியும் செய்யலாம். என் கணினி செய்தால், காரைக்குடிக்கு அருகில் உள்ள சர்வரின் முகவரிதான் கிடைக்கும். சிங்கப்பூர் மேலாள் அதை எடுத்துக்கொண்டு சென்னைக்கு ஓடிவருவார். பார்க்க வேண்டிய சிங்கப்பூர் சர்வரைப் பார்க்காமலே சோதனை முடிந்துவிடும்.

வேகத்தையும் சொல்ல வேண்டும். கேட்வே சிங்கப்பூரில், நான் கேட்ட ஆள் மதுரையில் என்று வைத்துக்கொள்வோம். 2002-இல் போட்ட ஐ2ஐ என்ற கடலடி கேபிள் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே 3,200 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும், ஆக ஒரு வழிக்கு 16 மில்லிசெகண்ட். என் கோரிக்கை கடல் தாண்டிப் போய், திரும்பி மதுரைக்கு வந்து, பதில் மீண்டும் அதே வழியில் போய் வரும். நான்கு கடற்பயணம், 64 மில்லிசெகண்ட், அதுவும் ஒரே ஒரு கேள்வி பதிலுக்கு. இணைப்பை ஏற்படுத்தும் கைகுலுக்கல்களுக்கே இப்படி மூன்று நான்கு சுற்று போகும். ப்ராக்ஸி வழியாகப் பக்கம் மெதுவாக வந்தால் கடையைத் திட்டக் கூடாது.

மேலாள் யார் என்பதையும் கேட்டுவிட வேண்டும். டேட்டா சென்டர் ப்ராக்ஸி என்றால் வாடகை சர்வர், பிரச்சினை இல்லை. 'வீட்டு ப்ராக்ஸி' என்று விற்பது யாரோ ஒருவரின் வீட்டு இணைப்பு. அவர் அறிந்து சம்மதித்தாரா? 911 எஸ்5 என்ற கூட்டத்தை அமெரிக்க நீதித்துறை 2024 மே மாதம் முடக்கியது. இலவச விபிஎன் செயலிகளுக்குள் ஒட்டிக்கொண்டு, உரிமையாளருக்குத் தெரியாமலே 1.9 கோடி ஐபி முகவரிகளை அது வாடகைக்கு விட்டிருந்தது. நடத்தியவர் கைதானது சிங்கப்பூரில். சம்பளச் சீட்டு என்ற ஒப்பந்தம் எழுதாமல் ஒருவரை மேலாளாக உட்கார வைத்தது போன்ற வேலை அது. வீட்டு இணைப்பில் பங்கு தருகிறவர்களிடம் எப்படிச் சம்மதம் வாங்குகிறீர்கள் என்ற கேள்விக்கு நேரான பதில் தராத நிறுவனத்திடம் நான் வாங்குவதில்லை. என் வேலைக்குப் பெரும்பாலும் டேட்டா சென்டர் முகவரியே போதுமானது.

சரி, ஆச்சி கடைக்கு வருவோம். சிங்கப்பூர் டேட்டா சென்டர் முகவரியில் இருந்து பார்த்தேன். பார்சல் கட்டணம் ஒழுங்காக வந்தது. சந்தேகப்பட்டு, வீட்டு இணைப்பாகவே இருக்கட்டும் என்று ஸ்டார்ஹப்பின் 4657-ஐக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். அதிலும் சரியாகவே வந்தது. சம்பந்தியிடம் மறுபடி பேசினால், "எங்க மருமகன் போன்ல நல்லாத்தான் வருது, என் போன்லதான் இல்லை" என்றார். அப்போதுதான் தளத்தின் பதிவுக் கோப்பைத் திறந்து, அவர் பார்த்த நேரத்தில் வந்த முகவரியைத் தேடினேன். ஏஎஸ் எண், இந்திய மொபைல் நெட்வொர்க் ஒன்றுடையது.

பேரப்பிள்ளையைப் பார்க்க ஒரு மாதம் போயிருக்கிறார். நம் ஊர் சிம்மை ரோமிங்கில் போட்டிருக்கிறார். ரோமிங்கில் டேட்டா பெரும்பாலும் அந்த நாட்டில் இறங்குவதில்லை. தாய் நிறுவனத்தின் கேட்வேக்கே கடல் தாண்டித் திரும்பி வந்து, இங்கேதான் இணையத்தில் இறங்கும். ஆள் சிங்கப்பூரில், முகவரி இந்தியாவில். தரவுத்தளமும் சரி, ஏஎஸ் எண்ணும் சரி, தப்பு என் கெட்டிக்காரத்தனத்தில்தான். ப்ராக்ஸியில் நாடு இந்தியா, அதே மொபைல் ஏஎஸ் எண் என்று கொடுத்ததும் அவர் அனுப்பிய படத்தில் இருந்த பக்கம் அச்சு மாறாமல் என் திரையில் வந்தது.

ஐபியைப் பார்த்து நாட்டை முடிவு செய்யும் வரிகளை எடுத்துவிட்டு, 'எந்த நாட்டுக்கு அனுப்ப வேண்டும்?' என்று ஒரு தேர்வுப் பெட்டியை வைத்தேன். ஆச்சி அதைப் பார்த்துவிட்டு, "இதை முதல்லயே கேட்டிருக்கலாமே" என்றார். அன்று சாயங்காலமே சம்பந்தியிடம் இருந்து மறுபடி அழைப்பு. நாடு சரியாக வந்துவிட்டது, இப்போது பின்கோடு தப்பு என்கிறதாம். சிங்கப்பூர் அஞ்சல் குறியீடும் நம்முடையது போலவே ஆறு இலக்கம்தான். ஆனால் அங்கே பூஜ்யத்தில் தொடங்குவதும் உண்டு.